ஒரே ஜாடி, இரண்டு நுண்ணோக்கிகள்: பாரமீசியத்தின் துடிப்பு ஏன் இரு திசையில் போனது?

நிகழ்வு

வைக்கோல் ஊறிய நீரில் வளர்ந்த பாரமீசியம் காடேட்டம் என்ற ஓரணு உயிரி. ஒரே ஜாடியிலிருந்து ஒரே பிப்பெட்டால் எடுத்த துளிகள். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நுண்ணோக்கிகள். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான்: உயிரியின் உடலில் இருக்கும் சுருங்கும் குமிழ் எத்தனை விநாடிக்கு ஒருமுறை காலியாகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தை வைத்து எண்ணிக் குறிக்க வேண்டும்.

முதல் சில நிமிடங்கள் இருவரின் எண்களும் பத்து விநாடியை ஒட்டி நெருக்கமாகவே இருந்தன. கால் மணி நேரத்தில் பிரிந்துவிட்டன. முதலாமவரின் ஸ்லைடில் துடிப்பு வேகமெடுத்தது. இரண்டாமவரின் ஸ்லைடில் மெல்ல மந்தமானது. அரை மணி தாண்டியதும் இன்னொரு திருப்பம். வேகமெடுத்த ஸ்லைடும் மந்தமாகத் தொடங்கி, இரண்டாமவரின் ஸ்லைடையும் விட மந்தமானது. அதன் பிறகு சில உயிரிகள் உருண்டு, உடலின் ஓரத்தில் கொப்புளம் விட்டு, வெடித்தன.

எண்ணியவர்கள் இருவரும் கவனமானவர்கள். இடம் மாறி உட்கார்ந்து எண்ணினாலும் எண்கள் ஆளோடு போகவில்லை, நுண்ணோக்கியோடே தங்கின. ஆக, எண்ணும் கையில் கோளாறு இல்லை. அதே ஜாடியின் உயிரிகள் என்பதால் இனத்திலோ வயதிலோ காரணம் தேடவும் இடமில்லை. மிஞ்சுவது ஸ்லைடும் அதைச் சுற்றியிருந்த சூழலும்தான். அங்கே என்ன நடந்தது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

எண்ணப்பட்ட குமிழ்

நன்னீரில் வாழும் ஓரணு உயிருக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு. உடலுக்குள் கரைபொருள் அதிகம், வெளியே குறைவு. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது. ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே போகிறவரின் நிலைமைதான். நிறுத்தினால் மூழ்கும், இங்கே வெடிக்கும். இறைக்கும் வேலையைச் செய்வது சுருங்கும் குமிழ். பாரமீசியம் காடேட்டத்தில் முன்பாதியில் ஒன்றும் பின்பாதியில் ஒன்றுமாக இரண்டு குமிழ்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஆரக் கால்வாய்கள். அந்தக் கால்வாய்களைச் சூழ்ந்த நுண்குழல்களின் சவ்வில் புரோட்டான் பம்புகள் பதிந்திருக்கின்றன. அணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் செலவில் அவை இயங்க, நீர் பின்தொடர்ந்து கால்வாய்க்குள் சேர்கிறது. கால்வாய் பருத்து, குமிழை நிரப்பி, குமிழ் உடற்பரப்பில் உள்ள நிலையான துளை வழியாக நீரை வெளியேற்றுகிறது. மறுபடி ஆரம்பம்.

இந்தக் குமிழின் விட்டம் பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர்தான். ஆனால் விடாமல் இயங்குவதால், தன் உடலின் மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான நீரை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாரமீசியம் வெளியேற்றிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம், இந்தத் துடிப்பு உள்ளே கசியும் நீரின் அளவுக்கு ஏற்ப மாறும். வெளிநீரில் உப்பு கூடினால் கசிவு குறையும், துடிப்பு மந்தமாகும். வெளிநீர் தூய்மையாக இருந்தால் கசிவு கூடும், துடிப்பு விரையும். வெப்பம் ஏறினாலும் விரையும். பத்து டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இரு மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். சுருக்கமாக, பாரமீசியத்தின் குமிழ் தான் நீந்தும் நீரின் உப்பையும் சூட்டையும் இடைவிடாமல் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்ணுகிறவர்கள் உயிரியை எண்ணுவதாக நினைத்திருக்க, எண்ணில் பாதி துளியைப் பற்றியதாக இருந்தது.

துளிக்கு என்ன ஆகிறது

துளியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைப் போட்டவுடன் துளி பாதுகாப்பாக அடைபட்டுவிட்டது என்று தோன்றும். உண்மையில் நான்கு ஓரமும் திறந்துதான் இருக்கிறது.

22 மில்லிமீட்டர் சதுரக் கவர் ஸ்லிப்பின் பரப்பு 484 சதுர மில்லிமீட்டர். சாதாரணச் சொட்டுக்குழாயின் ஒரு துளி ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர், அதாவது 50 கன மில்லிமீட்டர். வகுத்தால் கண்ணாடிகளுக்கு இடையே இருக்கும் நீர்ப்படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரோமீட்டர். பாரமீசியத்தின் நீளம் 200 முதல் 300 மைக்ரோமீட்டர், குறுக்களவு 50 அளவில். எனவே ஆரம்பத்தில் அது தாராளமாகப் புரண்டு நீந்தலாம்.

நீர் ஆவியாகி 20 மைக்ரோலிட்டர் மட்டும் எஞ்சும்போது தடிமன் 40 மைக்ரோமீட்டருக்கு வந்துவிடும். உயிரி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுந்தத் தொடங்குகிறது. அதே சமயம் நீர்தான் போனது, உப்பு போகவில்லை. கரைபொருளின் செறிவு இரண்டரை மடங்காகிவிட்டது. ஆக, துளி உலர்கிறது என்ற ஒரே நிகழ்வுக்குள் இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒளிந்திருக்கின்றன: நசுக்கம், உப்பேற்றம். குமிழை மந்தமாக்கியது எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

விளக்குகளும் வேறு வேறு. முதலாமவரின் கருவி பழையது, அடிப்பகுதியில் ஹாலோஜன் விளக்கு. ஒளியைக் குவிக்கும் லென்ஸான கண்டென்சரை முழுதாக ஏற்றி, விளக்கையும் கூட்டி வைத்திருந்தார்கள். மற்றதில் எல்இடி. ஹாலோஜன் தரும் ஆற்றலில் பெரும்பங்கு அகச்சிவப்பாக வெளியேறுகிறது. கண்டென்சர் அதையும் சேர்த்துத் துளியின் மேல் குவிக்கிறது. விரல் வைத்துப் பார்த்தாலே மேடையின் சூடு தெரிந்தது.

நின்றதைத்தான் எண்ண முடியும்

சோதனைகளுக்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த வகைக் கவனிப்பில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் இடம் இது என்பது என் எண்ணம்.

பாரமீசியம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீந்தும். 40 மடங்கு பொருளருகு லென்ஸில் பார்வைப் புலத்தின் அகலம் அரை மில்லிமீட்டரைத் தொடாது. அரை விநாடியில் அது புலத்தைக் கடந்துவிடும். பத்து விநாடிக்கு ஒருமுறை நடப்பதை அதில் எண்ணுவது நடக்காத காரியம். எனவே இருவரும் இயல்பாகவே நின்றுகொண்டிருந்த உயிரிகளைத் தேடி எண்ணினார்கள். சரி, ஒரு பாரமீசியம் எப்போது நிற்கும்?

ஒன்று, பாக்டீரியாத் திரளிலோ அழுகிய நார்த்துண்டிலோ உடலைச் சாய்த்து மேயும்போது. அப்போது அது நலமாகவே இருக்கிறது, உடலின் நுண்மயிர்களான குற்றிழைகளும் வாய்க்குழியருகே ஓயாமல் அடிக்கின்றன. இன்னொன்று, கண்ணாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது. மூன்றாவது, சாகத் தொடங்கும்போது. தொடக்கத்தில் நின்றவை பெரும்பாலும் முதல் வகை. அரை மணி கழித்து நின்றவை பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும். எண்ணியவர்கள் உயிரியை மாற்றி மாற்றி எண்ணியதால், பட்டியலின் மேல்பகுதியில் மேய்கிற உயிரிகளும் கீழ்ப்பகுதியில் நசுங்கிய உயிரிகளும் சேர்ந்துவிட்டன. நேரம் செல்லச் செல்ல மந்தமாகிறது என்ற முடிவில் ஒரு பங்கு இந்தத் தேர்வாலேயே வந்திருக்கலாம்.

மெத்தில் செல்லுலோஸ் கரைசல் சேர்த்து நீரைக் கெட்டியாக்கி எல்லா உயிரிகளையும் மெதுவாக்குவது வழக்கமான தந்திரம். வடிவத்தைப் பார்க்க அது நல்லது. ஆனால் நீரின் தன்மையைத்தான் சந்தேகிக்கிறோம் என்னும்போது அதே நீரில் இன்னொரு பொருளைக் கலப்பது வழக்கைக் குழப்பும். அதனால் பழைய முறைக்கே திரும்பினோம். பஞ்சின் சில இழைகளைப் பிரித்துத் துளியில் பரப்பினால், இழைகளுக்கு நடுவே சிறு சிறு அறைகள் உண்டாகும். உயிரி அதற்குள் சுற்றும், முட்டும், நிற்கும்; புலத்தை விட்டு ஓடாது. ஒரே உயிரியை ஆரம்பம் முதல் கடைசி வரை தொடரலாம். இதன்பின் வந்த எண்கள் எல்லாம் இப்படித் தொடரப்பட்ட உயிரிகளிலிருந்து எடுத்தவை.

இன்னொரு சிறு ஒழுங்கும் தேவைப்பட்டது. முன் குமிழா, பின் குமிழா என்று முதல் பதிவுகளில் யாரும் குறிக்கவில்லை. இரண்டும் ஒரே தாளத்தில் துடிப்பதில்லை. மாற்றி மாற்றி எண்ணினால் எண்கள் காரணமின்றிச் சிதறும். பின் குமிழை மட்டும் எண்ணுவது என்று முடிவானது.

சந்தேகங்களைப் பிரித்தது

முதலில் ஓரங்களை அடைத்தோம். கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் வாசலின் தடவினால் ஆவியாதல் நின்றுவிடும். எல்இடி நுண்ணோக்கியில், அடைத்த ஸ்லைடில் துடிப்பு மந்தமாகவே இல்லை. எண்ணி முடிக்கும் வரை தொடக்க எண்ணை ஒட்டியே நின்றது. ஹாலோஜன் நுண்ணோக்கியிலோ வேகமெடுத்தது அப்படியே இருந்தது, பிறகு வந்த சரிவு மட்டும் காணாமல் போனது. ஆக, சரிவுக்குக் காரணம் உலர்தல். வேகத்துக்குக் காரணம் வேறு.

அடுத்து விளக்கு. ஹாலோஜனைத் தாழ்த்தி, ஒளிப்பாதையில் வெப்பம் உறிஞ்சும் கண்ணாடி வடிகட்டியைச் செருகி, எண்ணும் நேரம் தவிர மற்ற நேரங்களில் விளக்கை அணைத்து வைத்தோம். வேகமெடுப்பு மறைந்துவிட்டது. இதை விரிக்க ஒன்றுமில்லை. சூடுதான்.

முதலாமவரின் ஸ்லைடு முதலில் ஏறிப் பிறகு அதிகமாக இறங்கியதன் மர்மமும் இதில் அவிழ்ந்தது. சூடு குமிழை விரைவாக்கியது; அதே சூடு துளியையும் விரைவாக உலர்த்தியது. முதல் கட்டத்தில் சூட்டின் கை ஓங்கியிருந்தது, பிறகு உப்பின் கை ஓங்கியது. ஒரே விளக்கு ஒரே உயிரியை எதிரெதிர்த் திசைகளில் இழுத்திருக்கிறது. இடையில் ஏதோ ஒரு நிமிடத்தில் இரண்டும் சமமாகி, துடிப்பு இயல்பான எண்ணையே காட்டியிருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் மட்டும் வந்து எண்ணிவிட்டுப் போகிறவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்.

நசுக்கமா, உப்பா என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கவர் ஸ்லிப்பின் நான்கு மூலைக்கும் மெழுகுக் கால்கள் வைத்து, கண்ணாடிகளின் இடைவெளி குறையாதபடி செய்தோம். ஓரங்கள் திறந்தே இருந்தன. இப்படி வைத்தால் துளி உலரும்போது கண்ணாடி கீழே இறங்காது. நீரின் விளிம்புதான் உள்நோக்கிச் சுருங்கும். உப்பு ஏறும், நசுக்கம் இருக்காது. துடிப்பு அப்போதும் மந்தமானது. எனவே முதன்மைக் காரணம் உப்பேற்றம். நசுங்கிய உயிரிகளில் குமிழ் தட்டையாகிப் பெரிதாகத் தெரிந்தது, துடிப்பும் ஒழுங்கின்றி இருந்தது. நசுக்கம் எண்களைச் சிதறடிக்கிறது, ஆனால் பொதுவான சரிவை அது உண்டாக்கவில்லை.

கடைசியாகத் திருப்பிப் பார்த்தல். உலர்ந்து மந்தமான ஸ்லைடில், ஒரு ஓரத்தில் ஜாடியின் நீரையே வடிகட்டி ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சினோம். சில நிமிடங்களில் துடிப்பு தொடக்க நிலைக்கு அருகே வந்தது. காய்ச்சி வடித்த நீரைச் செலுத்தியபோது தொடக்க நிலையையும் தாண்டி விரைந்தது. மந்தமானது சாவின் அறிகுறி என்றால் இப்படி மீளாது. குமிழ் தளர்ந்துபோகவில்லை, இறைக்க நீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். இந்த நீரோட்டத்தில் உயிரிகள் அடித்துச் செல்லப்படும் என்பதால் பஞ்சிழை அறைகள் இங்கே மறுபடி கைகொடுத்தன. உறிஞ்சும் வேகத்தை வடிதாளின் நுனியை எவ்வளவு கூராக வெட்டுகிறோம் என்பதால் கட்டுப்படுத்தலாம்.

அடைத்த ஸ்லைடுக்கும் ஒரு கெடு உண்டு. நேரம் கழிந்ததும் உயிரிகள் சிக்கியிருந்த காற்றுக் குமிழியின் ஓரத்தில் கூடின. ஆக்சிஜன் தேடி வந்தன என்று உடனே சொல்லத் தோன்றும். அடைபட்ட துளியில் அது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் பாரமீசியங்கள் ஓரிடத்தில் கூடுவது எப்போதும் அதையே காட்டுவதில்லை. அவை வெளியிடும் கார்பன் டைஆக்சைடு நீரை மெல்லிய அமிலமாக்குகிறது. மெல்லிய அமிலம் உள்ள இடத்துக்குள் தற்செயலாக நுழையும் உயிரி, அதன் எல்லையை அடைந்ததும் பின்வாங்கித் திசை மாற்றிக்கொள்கிறது. இப்படி ஒவ்வொன்றாக உள்ளேயே தங்கிப்போவதால் கூட்டம் சேர்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ் காட்டினார். யாரும் யாரையும் தேடிப் போகவில்லை. எதை நாடி வந்தன என்று எழுதுவதற்கு முன் எதைக் கடக்க மறுத்தன என்று பார்ப்பது நல்லது.

வெடித்த உயிரியும் ஆடும் புள்ளிகளும்

வெடித்த பாரமீசியத்திலிருந்து சைட்டோபிளாசம் சிதறிய இடத்தில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் துடிதுடித்தன. பதிவில் ஒருவர் "பாக்டீரியாக்கள் வந்து மொய்த்தன" என்று எழுதியிருந்தார். ஜாடியில் பாக்டீரியா ஏராளம் என்பதால் அது நடக்கக்கூடியதே. இங்கே நடந்தது அது அல்ல.

1827ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் இதே கேள்வியை எதிர்கொண்டார். கிளார்க்கியா புல்செல்லா என்ற செடியின் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாமல் அசைவதைப் பார்த்தார். உயிரின் அசைவோ என்ற ஐயத்தை அவர் தீர்த்துக்கொண்ட விதம் எளிமையானது: உயிரே இல்லாத பொருள்களையும், கண்ணாடி, கல் எனப் பொடித்து, அதே நீரில் பார்த்தார். அவையும் அசைந்தன. நீர் மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டீன் கணித்ததும், ழான் பெரன் அளந்து உறுதி செய்ததும் பிற்பாடு.

நடைமுறையில் பிரித்தறிய மூன்று அசைவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிரௌனியன் அசைவில் துகள் இருந்த இடத்திலேயே நடுங்கும், எந்தத் திசையையும் தொடராது, சிறியது பெரியதைவிட அதிகம் நடுங்கும். நீரோட்டத்தில் எல்லாத் துகளும் ஒரே பக்கம் நகரும். துளி உலரும் ஸ்லைடில் அது ஓரத்தை நோக்கியே இருக்கும். நீந்தும் பாக்டீரியம் பக்கத்துத் துகள்களோடு சேராமல் தனக்கென ஒரு பாதையில் ஓடி, சட்டென்று திசை மாற்றி, மறுபடி ஓடும். அதை ஓட்டும் கசையிழையின் தடிமன் 20 நானோமீட்டர் அளவே. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அதைக் காண முடியாது, பாதையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சிதறிய சைட்டோபிளாசத்தின் புள்ளிகள் நடுங்கின, ஓடவில்லை. பாரமீசியத்தின் உடலிலிருந்த நுண்மணிகளும் படிகங்களும்தான் அவை. அதே புலத்தில், கொஞ்சம் தள்ளி, உண்மையான பாக்டீரியாக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்ததால் ஒப்பிடுவது சுலபமாக இருந்தது. குவியத்தைத் தொடாமல், ஒளி நுழையும் திறப்பான டயஃபிரமைக் கொஞ்சம் குறுக்கினால் போதும், இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பெரும்பாலோர் டயஃபிரமை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஒளி கூசுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். நிறமேற்றாத உயிருள்ள அணுவில் மாறுபாடு குறைவு. திறப்பு சுருங்கினால் நுண்விவரம் சற்றுக் குறையும், விளிம்புகள் எழுந்து வரும்.

பதிவு முறையில் மாறியவை

துடிப்பை எண்ணும் ஒவ்வொரு பதிவிலும் இப்போது துளி வைத்த நேரம், ஓரம் அடைத்ததா திறந்ததா, விளக்கின் வகை, எந்தக் குமிழ், உயிரி மேய்கிறதா மாட்டியிருக்கிறதா என்பவை எண்ணுக்கு முன்னால் எழுதப்படுகின்றன. துளியின் அளவு பிப்பெட்டில் அளந்து வைக்கப்படுகிறது. ஓரம் திறந்த ஸ்லைடில் பத்து நிமிடத்துக்குப் பிறகு எடுத்த எண்கள் ஒப்பீட்டுக்குச் சேர்க்கப்படுவதில்லை. வெடிப்புக்கு முந்தைய உருண்ட வடிவங்களைத் தனி இனமாகப் பதிவதும் நின்றது. இது சின்ன விஷயம் இல்லை. சாகும் குற்றிழை உயிரிகள் தம் வடிவத்தை இழந்து ஒன்றுபோல் ஆகிவிடுவதால், பழைய பதிவுகளில் அடையாளம் தெரியாத வட்ட உயிரி என்று இருந்தவற்றில் பல இப்படிப்பட்டவையாகவே இருக்க வேண்டும்.

சூடும் உப்பும் நீங்கிய பிறகும் ஒரு வேறுபாடு மட்டும் விடவில்லை. அடைத்த ஸ்லைடு, எல்இடி, பஞ்சிழை அறைக்குள் மேயும் உயிரி என எல்லாம் சீராக இருந்தபோதும், பின் குமிழ் முன் குமிழைவிட விரைவாகவே துடித்தது. பாடநூல்கள் இதற்குத் தரும் காரணம், வாய்க்குழியின் அடிப்பகுதி பின் குமிழுக்கு அருகில் இருப்பதால், உணவோடு விழுங்கப்படும் நீர் அந்தப் பக்கமே அதிகம் சேர்கிறது என்பது. அப்படியானால் மேயாமல் நிற்கும் உயிரியில் இரண்டு குமிழ்களின் துடிப்பு வேகமும் நெருங்கி வர வேண்டும். அடுத்த எண்ணிக்கை அதற்குத்தான்: ஒரே உயிரி, இரண்டு குமிழ், பாக்டீரியா உள்ள நீரில் ஒருமுறை, வடிகட்டிய நீரில் ஒருமுறை.